லைற்றை நூருங்கோ

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று பின்னேரம் அஜின்கோர்ட் மண்டபமொன்றில், புலம்பெயர்ந்த எங்கள் சனத்துக்கு ஐரோப்பிய நாடக வரலாறு பற்றிப் பேசினேன். மன்னராட்சி மீண்ட காலத்து லண்டன் அரங்கில் பார்வையாளர் மேலும் மெழுகுவர்த்தி வெளிச்சம் விழும்; நாடகத்தைவிட ஒருவரையொருவர் பார்த்ததுதான் அதிகம். யதார்த்த நாடகம் வேரூன்றிய காலத்தில் அரங்கை இருட்டாக்கி எல்லோரையும் வாயடைக்க வைத்தார்கள். அந்த இருட்டைக் காட்டத்தான் கதவடியில் நின்றவரிடம், "அண்ணை, லைற்றை நூருங்கோ" என்றேன். அணையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் ஊர்ச்சொல்தான் வந்தது.

இருட்டில் ஒரு கதிரை விழுந்தது. ஒரு பெண்குரல் கத்தியது: "பிள்ளையள், குப்புறப் படுங்கோ! பொம்மர் சுத்துது, குண்டு போடப்போறான்!"

வெளிச்சம் வந்தபோது முன்வரிசை அன்ரி ஒருவர் மேசைக்கடியில் கிடந்தார். போர்க்காலத்தில், குண்டுபோடும் விமானம் வரும் இரவுகளில், ஊரில் வீட்டுக்கு வீடு கேட்டது நான் சொன்ன அதே சொல்தான்.

பின்வரிசையில் இங்கே பிறந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். "வாவ், சோ ரியல்!" என்றாள் ஒருத்தி. அவரை நான் கூட்டிவந்த நடிகை என்று நினைத்துவிட்டார்கள்.

அன்ரி அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல எழும்பி, சேலையைத் தட்டிச் சரிசெய்து, பின்வரிசையை நோக்கிக் கும்பிட்டார். பிறகு விழுந்த கதிரையை நிமிர்த்தி, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நானும் கைதட்டினேன்.