பாம்புக் கூண்டுக்கு அகல்விளக்கு

முகிலன்,

நீ ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கரண்ட் போய், உன் பாம்புக் கூண்டின் பல்பு அணைந்துவிட்டது. ஹீட்டிங் பேட் வாங்கி இன்வெர்ட்டரில் மாட்டு என்று அன்றைக்கே சொன்னேன். பல்பு போதும் என்றாய். குளிரில் அது அசையவே இல்லை. வேறு வழி தெரியாமல் கார்த்திகைக்கு வைத்திருந்த அகல்களைக் கண்ணாடியை ஒட்டி ஏற்றினேன்.

உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டு ஆன்ட்டி அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். நாளை நாகுல சவிதியாம், பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றும் பண்டிகை. புற்றைத் தேடி அலையாமல், எல்லோரும் பாலோடு இங்கேயே வருகிறார்களாம். எனக்குத் தெரிந்த தெலுங்கில் "சரே ஆன்ட்டி" என்றுதான் வாயில் வந்தது.

இட்லி ஹாட்பேக்கில் இருக்கிறது. ஹீட்டிங் பேடை இன்றைக்கே வாங்கு. அதுவரை விளக்கைப் பார்த்துக்கொள்.

பூர்ணா

பாம்பா நானா என்று நேற்று கேட்டேனே, அதற்கு இப்போது பதில் சொல்லாதே. சாமியோடு என்னால் போட்டிபோட முடியாது.