துப்பட்டாவில் உட்கார்ந்த பூச்சிகள்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜீவிதா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள்; அதனால்தான் கடிதம்.

"பொறியில ஒரு பூச்சியும் விழுகல கண்ணு, ஒட்டன்சத்திரம் சந்தைல பாதிக் காயச் சொத்தைன்னு ஒதுக்கிட்டாங்க" என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். பொறிக்குள் தொங்கவிட நான் அனுப்பிய ரப்பர் குப்பிகளை, மகள் செய்தது என்று, சாமி மாடத்தில் விளக்கை ஒட்டி வைத்திருந்தீர்களாம். பெண் பூச்சியின் வாசனையைத்தான் எங்கள் கம்பெனியில் அதில் ஏற்றுகிறோம். துணை இருப்பதாக நம்பி ஆண் பூச்சி வந்து பொறியில் விழும். விளக்குச் சூட்டில் அந்த வாசனை போயிருக்கும். புதிதாக அனுப்பியிருக்கிறேன். இவை நேரே கத்தரிக்காட்டுக்குப் போகட்டும்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ராத்திரி கரண்டு போனதால் நானும் அறைத்தோழியும் விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே கத்தரித் தோட்டம். வெள்ளைப் பூச்சிகள் ஏழெட்டு என் துப்பட்டாவில் வந்து உட்கார்ந்தன. அவள் மேல் ஒன்றுகூட இல்லை. "உன்னைத் தேடியும் ஆள் வருதே" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கையுறை போட்டாலும் வாசனை துணியில் ஏறிவிடுகிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள். நம் மூக்குக்கு அது தெரிவதுகூட இல்லை.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வருகிறேன். காட்டுக்குள் மட்டும் கூப்பிடாதீர்கள், பூச்சிகள் பொறியை விட்டுவிட்டு என் பின்னால் வரும்.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைப் பார்சலில் அனுப்புங்கள். தலையணைக்குச் சுற்ற வேண்டும். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. சேலையைத் துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஜீவிதா