லாபிஸ் யோயோவின் கயிறு

ஜூன் 14, ஞாயிறு

நான் தேடித் திரிந்த மர அச்சு யோயோ லாபிஸ் ஊரில் ஓர் அக்காவிடம் கிடைத்தது. "எங்க வீட்டுக்காரரு தவறிப் போனதுலருந்து யாரும் தொடல லா, தம்பி," என்றார். மனிதர் ஆறடி உயரமாம்.

கயிற்றை ஆடுபவரின் தொப்புள் உயரத்துக்குத்தான் வெட்டுவார்கள். வீட்டில் தொங்கவிட்டுப் பார்த்தேன். என் ஏழு வயது மகள் கவிக்குக் கச்சிதமாக இருந்தது. அச்சு வேறு, இப்போதுதான் சுழன்றதுபோல் சுட்டது.

"அப்பா, எனக்கா?"

"இல்லம்மா, அப்பாவுக்கு."

அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். பெரிய வீரன் நான், யோயோவைக் காரில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது பார்க்கிறேன், அவள் நடுவிரலில் கயிறு இறுக்கிய தடம். அவள் யோயோவைத் தொடவே இல்லை. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.