தனக்கொடியின் முப்பத்தெட்டாம் எண்

ஜனவரி 19, திங்கள்

குருவிநத்தத்தில் நாற்பத்திரண்டு பேருக்கும் அறுப்பு மெஷின் முறை எண் வந்துவிட்டது. ஆதாரம்: வாடகைச் சங்கத்தின் இணையப் பட்டியல், காலை 10.20. தனக்கொடிக்கு 38.

இ-சேவை மையத்தில் விண்ணப்பங்களை வரிசையாக வைக்கும் தட்டில் பட்டா நகலை முதலில் வைத்தவர் அவர்தான். செய்தி எழுதப் போன என்னிடம் மூன்று பேர் தனித்தனியே சொன்னார்கள். தட்டில் முப்பத்தொன்றாவதாக இருந்த அரிகரனுக்கு எண் 2. மையம் இருக்கும் கடை அரிகரனுடையது. நடத்துபவர் ரோஸ்லின்.

"கதிர் சாஞ்சிக்கிச்சி சார். சனிக்கிழம மழன்றாங்க," என்றார் தனக்கொடி. "மெஷினு ஒரு நாளிக்கு ஏழு வயல்தான் அறுக்கும். மொத ஆளா போயி வச்சது இன்னாத்துக்கு?"

வியாழக்கிழமை மெஷின் வருகிறது. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

ரோஸ்லின் சொன்னது: போன வருடம் ஒரு பெயரை அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த பெயர். இரண்டு மணி நேரம். அந்த இடைவெளியில் மற்ற ஊர்கள் உள்ளே புகுந்துவிட்டன. நம் ஊரின் கடைசிப் பத்துப் பேர் நூறுக்குப் பின்னால் போனார்கள். அதனால் இந்த வருடம் நாற்பத்திரண்டையும் ஒன்றாக அனுப்பும்படி புரோகிராம் எழுதியிருக்கிறார்.

"எது மொதல்ல போயி முடியுதோ அதுக்கு மொத நம்பர் சார். அது என் கையில இல்ல."

தட்டின் வரிசை என்ன ஆகும் என்று யோசிக்கவில்லையா? "எல்லாருக்கும் கெடைக்கணும்னுதான் யோசிச்சேன்."

பதில் கச்சிதமாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது. எது எப்போது போய் முடிந்தது என்று புரோகிராம் குறித்துவைத்த பதிவின் நகல் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார். தயங்காததும் உறுத்துகிறது.

அதே நாள், மாலை

பதிவைப் படித்தேன். எல்லாம் ஒரே நொடியில் கிளம்பியிருக்கின்றன. முடிந்த வரிசைதான் எண் வரிசை. தனக்கொடியின் பட்டா கொழுந்தனார்களோடு கூட்டு, ஐந்து தாள், ஏறத் தாமதம். அரிகரனுக்கு ஒரே தாள். சரி. ஆனால் அதே பட்டியலில் இருக்கும் நடேசனுக்கும் ஒரே தாள்தான் — அவருக்கு ஏன் 40?

ஜனவரி 21, புதன்

நடேசன் தாளைப் பார்த்தேன். செல்போனில் கலராக எடுத்த படம். தனக்கொடியின் ஐந்து தாளையும் சேர்த்தாலும் ஃபைலின் கனம் அதைவிடக் குறைவு.

பதிவு கொடுத்தவரே சந்தேகத்துக்குரியவர். எனவே சங்கத்து எழுத்தர் ஆண்டனியிடம் அவர்கள் பக்கப் பதிவையும் கேட்டு வாங்கினேன். நேரங்கள் ஒத்துப்போகின்றன. ஒரே மையத்தில் பதிந்தவர்கள் தங்களுக்குள் எண் மாற்றிக்கொள்ளலாம், எல்லோர் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

சாயங்காலம் மையத்தில் கூடினார்கள். தட்டு வரிசைக்கே மாற்றுவது என்று பேச்சு. எல்லோரும் அரிகரனைப் பார்த்தார்கள்.

"நம்பர் தானா வந்துச்சிபா. ஆனா தட்டுல முப்பத்தொண்ணாவதா வச்சது நான்தான?" என்று முதல் கையெழுத்தைப் போட்டார்.

"பேப்பர்காரரு நிக்கிறாரு, அதான் கை வேகமா போவுது," என்றார் கூட்டத்தில் இருந்த சாமிக்கண்ணு. சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பவர்களை நான் நம்பியதில்லை. இன்றைக்கும் முழுதாக இல்லை.

ஜனவரி 22, வியாழன்

தனக்கொடி வயல் முதலில். பதினொரு மணிக்கு நெல் வீடு சேர்ந்தது. நேரில் பார்த்தேன்.

ஜனவரி 24, சனி

காலையிலிருந்து மழை. பதினான்கு வயல் முடிந்திருக்கிறது. அரிகரன் தன் வயலில் மண்வெட்டியோடு வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கதிர் தண்ணீரில் படுத்திருந்தது. ஏன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார் என்று கேட்க வைத்திருந்தேன்; கேட்கவில்லை.

அடுத்த முறை தாள்களை மட்டும் முன்கூட்டியே ஒன்றாக ஏற்றிவிட்டு, எண் கேட்பதைத் தட்டு வரிசையில் ஒவ்வொன்றாக அனுப்பலாம் என்கிறார் ரோஸ்லின். கனமான தாள் இல்லாவிட்டால் வேகமாக முடிந்துவிடுமாம். சங்கம் அனுமதிக்குமா என்பது பிப்ரவரி 2, திங்களன்று தெரியும்.

அரிகரன் வயலில் மெஷின் எப்போது இறங்கும் என்று டிரைவரைக் கேட்டேன். தண்ணீர் வடிய வேண்டும். அடுத்த வியாழனுக்கு முன்னால் இல்லை.