ஹாரன் சரிசெய்யப் போன உன் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போதே கை கூசுகிறது, அதனால் இங்கே ஒன்றரைப் பேர் நலம் என்று திருத்திப் படித்துக்கொள். பயப்படாதே, அந்த அரை ஆள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறார். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஃபோனில் உன்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

விஷயம் நீ எங்களிடம் விட்டுப்போன காரைப் பற்றியது. ஏழு மாதத்துக்கு முன் அவர் அதை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசியதும், உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, போதும், வண்டியை வித்துடுங்க என்று நீ சொன்னதும், அன்றோடு அவர் உன்னிடம் பேச்சை நிறுத்தியதும் உனக்குத் தெரியும். அவ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வண்டி ஓட்டினவன்னு அவகிட்ட சொல்லு என்றார், நான் சொல்லவில்லை. நீ ஞாயிறுதோறும் கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் என்று சொல்லி வருகிறேன். ஏழு மாதமாக வாரம் தவறாமல் அதே மணிக்குக் குளிக்கிற மனிதர் உலகத்தில் வேறு எங்கும் இருக்கமாட்டார், நீயும் நம்புவது போலவே ஒவ்வொரு வாரமும் சரிம்மா என்கிறாய்.

இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் காரில் ஹாரன் வேலை செய்யாமல் போயிற்று. மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றேன். முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவனுக்கு ஒரு ஹாரன் பெரிய விஷயமா என்று கேட்டார். அங்கே அவருக்கு ஜாக்கிரதை என்றே பட்டப்பெயர் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஜாக்கிரதை வர்றார் என்று யாராவது சொன்னால் எல்லோரும் ஹெல்மெட்டைத் தேடுவார்களாம். எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் கரண்டைத் துண்டி, பிறகு பத்து நிமிஷம் காத்திரு, பிறகு கையை வை, இது அவர் போட்ட சட்டம். வீட்டிலும் மிக்சி ஜாரைக் கழுவுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கினாயா என்று இன்று வரை கேட்கிறார், ஜார் தனியாகக் கையில் இருக்கும்போதும் கேட்கிறார். அப்படிப்பட்டவர் காருக்குள் வேலை செய்ய உட்கார்ந்தபோது பேட்டரியைக் கழற்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏன் கழற்றவில்லை என்று கேள். தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும். பேட்டரி வயரை எடுத்தால் உன் கார் ரேடியோ பூட்டிக்கொள்ளும், மறுபடி பாட ஒரு நாலு இலக்க நம்பர் கேட்கும். அந்த நம்பர் உனக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உன்னிடம் கேட்பதற்கு முதலில் உன்னிடம் பேச வேண்டும். என்னை விட்டுக் கேட்கச் சொல்லலாம், அதற்குக் காரைக் கழற்றப்போவதாக என்னிடம் சொல்ல வேண்டும். இரண்டும் அவருக்குக் கௌரவக் குறைவு. ஆகவே நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, சாவியைத் திருகி ஆன் செய்துவிட்டு, ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் மூடியை இரண்டு ஸ்க்ரூ எடுத்துப் பாதி வெளியே இழுத்து, ஹாரனுக்குக் கரண்ட் வருகிறதா என்று ஒரு சின்ன பல்பை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதில் மஞ்சள் நிற வயர் ஹாரனுடையது இல்லை, கார் மோதினால் ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து விரிகிற ஏர்பேக் பையுடையது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து ஈரத் துணியோடு ஓடினேன். அடுத்த வீட்டுத் தையல்காரர் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். உன் அப்பா கார்க் கதவோரம் காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார், தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளைப் பொடி, மாவு மில்லிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி. மூக்குக்கண்ணாடியைக் காணோம். வலது கை முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. வயரைப் பார்ப்பதற்காக அவர் தலையைச் சாய்த்திருந்ததால் பை முகத்தில் அடிக்காமல் இடது காதை ஒட்டிப் போயிருக்கிறது. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்க முடியவில்லை. யாரும் கிட்ட வராதீங்க, எதையும் தொடாதீங்க என்று தெருவுக்கே கேட்கும்படி எங்களுக்குப் பாதுகாப்பு விதி சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, ஏன் எல்லாரும் ரகசியம் பேசறீங்க என்று கேட்டார். நாங்கள் யாரும் ரகசியம் பேசவில்லை, தையல்காரர் கத்திக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

மறுநாள் மெக்கானிக் வந்தார். முதல் காரியமாகப் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் தெருவை வேடிக்கை பார்த்தார். என்ன சும்மா நிற்கிறீர்கள் என்றேன். இதாம்மா வேலையே, வயரை எடுத்த பிறகும் உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும், அது வடியற வரைக்கும் நாம கை வைக்கக் கூடாது, சாருக்குத் தெரியாததா என்றார். சார் கையில் கட்டோடு ஜன்னலில் நின்று, சரியா செய்யறான் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. கடைசியில் ஹாரனுக்கு என்ன வியாதி என்று நினைக்கிறாய்? ஃப்யூஸ் போயிருந்தது. விரல் நகம் அளவு ஃப்யூஸ், ஸ்டீயரிங் பக்கம் போகவே வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிட்டார். முன்னால் இருக்கும் பெட்டியில் காரோடு வந்த புத்தகம் இருந்தது, அதன் முதல் பக்கத்திலேயே ரேடியோ நம்பர் எழுதிய அட்டையை நீ செருகி வைத்திருக்கிறாய். அடுத்த சில பக்கம் தள்ளி, காருக்குள் எதைக் கழற்றுவதற்கு முன்னும் பேட்டரியைத் துண்டிக்கவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் படிக்காமல் மெஷினைத் தொட்டவனுக்கு மெமோ கொடுத்த மனிதர் இவர்.

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணுவதும் அழுத்துவதுமாக இருந்தார். டாக்டர் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார், அப்போதும் அழுத்திக்கொண்டேயிருந்தார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இடது காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, இரண்டு மூன்று மாதத்தில் தானாக மூடலாம், மூடாவிட்டால் சின்ன ஆபரேஷன், ஆனால் போன கேட்கும் திறன் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, வலது காதிலும் கொஞ்சம் அடி இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் உன் அப்பா என்னிடம், எப்படி, பாஸா என்று கேட்டார். உன் அத்தை வந்து பார்த்துவிட்டுத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஆறுதல் சொன்னாள், அதை அவளும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, யாரும் தொடக் கூடாதென்று நான் அதன்மேல் ஒரு துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். நீ அங்கே வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. மாப்பிள்ளைக்கும் சொல், காரில் ரேடியோ மாற்றுகிறேன், சீட் கழற்றுகிறேன் என்று உட்கார்ந்தால் முதலில் பேட்டரி வயர், பிறகு ஒரு டீ, அப்புறம்தான் கை. மாமியார் சொல்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ஒன்று பாக்கி. ஏம்மா எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டே பேசறே என்று நீ ஒருமுறை சலித்துக்கொண்டாய், கை வேலையாக இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. அவர் குளிக்கவும் இல்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பேப்பரை விரித்துக்கொண்டு நிற்பார், நீ ஃபோனை வைக்கும் வரை ஒரு பக்கம் புரட்டமாட்டார். போன ஞாயிறும் நின்றார். நீ வைத்த பிறகு வந்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், அவளுக்கு என்ன தொண்டை கட்டிக்கிச்சா, குரலே வரலையே என்று கேட்டார். நீ அன்று கணீரென்றுதான் பேசினாய். ஆமாம், லேசாகத் தொண்டைக்கட்டு என்றேன். அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அதிலிருந்து தினமும் இரண்டு தரம், வெந்நீர் குடிக்கச் சொன்னியா என்று என்னைக் கேட்கிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வந்ததும் அடுத்த ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. நான் எடுத்ததும் தொண்டை சரியாயிடுச்சும்மா என்று சொல், அதைக் கொஞ்சம் கத்தியே சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா