தேர் நிற்காத வாசல்

18.2.2024

மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி மகன் மகேன் ஓட்டிவந்த லோரியில் கோலாலம்பூர் வந்தேன். அவன் பிறந்த வருஷம் மேடையை விட்டவள், பேத்தி எடுத்த வயதில் மறுபடி பாடுகிறேன். புதுப் பாட்டுக் கம்பெனி. என் பழைய கேசட்டை அதன் முதலாளி சுகுமாரனுக்குப் போட்டுக் காட்டியவனே மகேன்தான். ஆல்பத்தில் எட்டுப் பாட்டு, எட்டும் மாரியம்மன் பாட்டு. "மைக்க மொறைக்காதம்மா, அது ஒன்னும் செய்யாது லா" என்று மகேன் சிரிக்கிறான்.

3.3.2024

பாடி முடித்தாயிற்று. குரல் அப்படியே இருக்கிறது. கர்வம்தான். இருக்கட்டும்.

9.4.2024

மகேன் இல்லை. திரிங்காப் மலை இறக்கத்தில், மழையில், லோரி – எழுத முடியல.

26.4.2024

கருமாதி முடிந்தது. சுகுமாரன் வந்திருந்தான். "ஆல்பத்த நிறுத்தி வைக்கவாம்மா?" நான் வாய் திறக்குமுன் மருமகள் மலர் சொன்னாள்: "நிறுத்த வேணாம், வெளிய விடுங்க. அவரு ஆசப்பட்டது."

14.6.2024

ரேடியோவில் தினமும் நான்தான். கியா பார்ம் சந்தைக் கடைகளிலும் நான்தானாம். கோயில் தலைவர் ஆண்டியப்பன் வந்தார்.

"ஆடித் திருவிழாவுக்கு ஒங்க பாட்டுதாங்க்கா."

"சாவு வீடாச்சேப்பா?"

"ஒரு வருஷத்துக்கு நீங்க கோயிலுக்கு வரக்கூடாது. பாட்டு வரலாம். சாவுக்கு முன்னாடி பாடுனதுக்குத் தீட்டு இல்லன்னு ஐயரு சொல்லிட்டாரு."

என் குரலுக்கு மட்டும் நான் பெற்ற பிள்ளை சாகலையா?

11.8.2024

தேர் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்தது. மற்ற ஒவ்வொரு வாசலிலும் அர்ச்சனைத் தட்டு வாங்க நின்றது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். ஸ்பீக்கரில் என் குரல். 'என் பிள்ளைக்குத் துணை வருவாய்' என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் மேலே. நல்லாத்தான் பாடியிருக்கேன், பாவி.

பேத்தி ஷர்மினி தாழ்ப்பாளில் கை வைத்தாள். "பாட்டி, ஒங்க பாட்டு! ஏன் சாமி நம்ம வீட்ல நிக்கல?"

இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தார்கள்.

3.9.2024

சுகுமாரன் போனில் கூப்பிட்டான். பேராக், சிலாங்கூர், எந்தக் கோயிலுக்குப் போனாலும் நம் பாட்டுதானாம். அடுத்த ஆல்பத்துக்கு வரச் சொன்னான். வருகிறேன் என்றேன். மாரியம்மன் பாட்டு மட்டும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

"அப்ப முருகன் பாட்டாம்மா?"

"எந்தச் சாமியும் வேணாம்ப்பா."

"வேற என்ன பாடுவீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும், சாமி விளக்கேற்ற மலர் கூப்பிட்டாள். நீயே ஏத்து என்றேன்.