அம்மாவுக்கு அறுபத்திரண்டு

ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி ஹம்ஸினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளை அச்யுத்தும் குழந்தை தேஜஸ்வினியும் கால்கரியில் சௌக்கியம் என்று நேற்றுப் போனிலேயே தெரிந்துகொண்டேன், இங்கே நானும் சௌக்கியம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். தினம் வீடியோவில் பேசுகிறோமே, கடிதாசு எதற்கு என்று கேட்பாய். மணி அடித்ததும் அம்மா போனை வாங்கிக்கொண்டுவிடுகிறாள், கழுத்தெலும்பு தெரியாமல் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சிரிக்கிறாள், அவள் எதிரில் நான் எதைப் பேசுவது? எழுதி முடித்ததும் மொட்டை மாடியில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், மெதுவாகவே படி, ஆனால் இன்றைக்கே படித்துவிடு.

கணையத்தில் கான்சர் என்று ஜூனில் சொன்ன நாளிலிருந்து நான் கம்ப்யூட்டரே கதியாகக் கிடந்தது உனக்குத் தெரியும். அமெரிக்காவில் போடுகிற கணக்கு ஒன்று கிடைத்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வியாதி வந்த நூறு பேரில் ஐந்து வருஷம் தாண்டினவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோதான், இப்போது பதின்மூன்று பேர். பதின்மூன்று என்ன பெரிய மார்க், நீ வாங்கிக்கொண்டு வந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருப்பேனா, ஆனாலும் கோடு மேலே ஏறுகிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம். வயசுவாரியாகவும் பிரித்திருந்தார்கள், அறுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் அதிகம், அதற்கு மேலே போகப் போகக் குறைவு. அம்மாவுக்கு அறுபத்திரண்டு நடக்கிறது, ஆக அவள் மேல் வரி. அந்த வரிக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, கூடவே ஒரு கிராப்பும் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் உன்னிடம், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே, டிசம்பர் லீவில் வந்தால் போதும் என்றேன். நீ அழுதாய், அழுகிற அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான்தான் அதட்டினேன்.

போன வியாழக்கிழமை மூன்றாவது கீமோ முடிந்து வந்தோம். நம் ஆட்டோக்கார அப்துல் காதர் அம்மாவைக் கைத்தாங்கலாக லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, ஃபிகர் நக்கோ அம்மா, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா படுக்கப் போகவில்லை. நேரே ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஹார்லிக்ஸ் கலந்துகொண்டிருந்தேன். நீங்க தப்பான வரியைப் பார்த்துண்டு இருக்கேள், நான் அடுத்த வரி என்றாள். உனக்கென்ன பைத்தியமா என்றேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெண் பார்க்கிற நாளில் அவளுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டதாம், என்னைவிட நான்கு மாசம் மூத்தவளாம். பிள்ளையைவிடப் பெண் பெரியவள் என்றால் யார் எடுப்பார்கள் என்று உன் தாத்தா ஒரு ஜோசியரைப் பிடித்து நான்கு வருஷத்தைக் குறைத்து ஜாதகமே புதிதாக எழுதிவிட்டாராம். பத்தில் எட்டுப் பொருத்தம் என்று எங்கள் வீட்டில் குதித்தார்களே, அப்படி ஒரு ஜாதகத்துக்கு ஆளே கிடையாது ஹம்ஸினி. கல்யாணத்துக்கு அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், ஃபாக்டரி மெடிகல் கார்டு எல்லாவற்றிலும் அந்தப் பொய் வருஷத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். முப்பத்து மூன்று வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், தலைமயிர் அளவு வித்தியாசம் இருந்தாலும் ஒரு லாரிச் சாமானையே திருப்பி அனுப்பினவன், என் வீட்டில் நான்கு வருஷம் குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். முப்பத்தெட்டு வருஷம் எப்படி மறைத்தாய் என்று கேட்டேன். முதலில் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று பயமாக இருந்தது, அப்புறம் சிரிப்பீர்கள் என்று வெட்கமாக இருந்தது, அதற்கும் அப்புறம் மறந்தே போய்விட்டது என்றாள். அப்படியானால் இப்போது மட்டும் எதற்குச் சொன்னாய் என்றேன். டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு என்று மட்டும் கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹம்ஸினியை வரச் சொல்லுங்கோ என்று வாயைத் திறந்து கேட்க அவளுக்குத் தெரியாது, கேட்டே பழக்கமில்லை. அதற்குப் பதிலாகத் தன் மானத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் ஜெயராமிடம் தனியாகப் போய் வயசையும் வரி மாறினதையும் சொன்னேன். அவர் அசரவே இல்லை, எங்க பேஷண்ட்டுல பாதிப் பேருக்குக் கார்டுல ஒரு வயசு, உடம்புல ஒரு வயசு சார் என்றார். வரியெல்லாம் கூட்டத்துக்குத்தான், ஒரு ஆளுக்கு இல்லை, ஈரலுக்குப் பரவினதை முதல் நாளே சொன்னேனே என்று கேட்டார். சொன்னார்தான். அதற்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, நூற்றுக்கு மூன்று. அந்தப் பக்கத்தை நான் திறந்தேன், பார்த்தேன், மூடிவிட்டேன், ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை, உனக்கும் சொல்லவில்லை. அம்மா மறைத்தது வயசைத்தான், அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் மறைத்ததில் உனக்கு அம்மாவோடு இருந்திருக்க வேண்டிய மூன்று மாசம் போய்விட்டது. என்னை மன்னித்துவிடு ஹம்ஸினி. டிசம்பருக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது, பொண்ணை இப்பவே வரச் சொல்லுங்க என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் டிசம்பர் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பு. ஸ்கூல், ஆபீஸ் என்று யோசிக்காதே, முடிந்தால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கு ஸ்வெட்டர் வேண்டாம், இங்கே இன்னும் புழுக்கம் போகவில்லை. அம்மாவுக்கு இப்போது ரசஞ்சாதம் இரண்டு வாய்தான் இறங்குகிறது, அதுவும் நான் வைக்கிற ரசம், நீ வந்து வைத்தால் மூன்றாவது வாய் சாப்பிடுவாளோ என்னவோ. திடீரென்று லீவு கிடைத்தது என்று அவளிடம் சொல்லிக்கொள், நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அதைத் தவிர இப்போது எனக்கு வேண்டிக்கொள்ள வரவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. வயசு விஷயம் ஹம்ஸினிக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், சரி என்று சொல்லிவிட்டு உனக்கு எழுதியிருக்கிறேன். புரட்டாசியில் அவள் நட்சத்திரம் வருகிறது, அதற்குள் வந்து சேர்ந்துவிடு. நர்ஸ் கேட்டாலும் சரி, பக்கத்து வீட்டில் கேட்டாலும் சரி, அம்மாவுக்கு அறுபத்திரண்டு என்றே சொல்லு. அவள் இருக்கிறவரைக்கும் அவளுக்கு அறுபத்திரண்டுதான்.

இப்படிக்கு,
உன் வருகையை எதிர்பார்க்கும் அப்பா,
ராமசுவாமி